பூட்டிய அறையும் திறந்த கணக்கும்

ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது கணினிகள் வந்து இறங்கின. இருப்புப் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்திட்டேன். அன்று முதல் அறைச் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு மவுஸ் காணாமல் போனாலும் தணிக்கையில் நான்தானே பதில் சொல்ல வேண்டும்! அடுத்த பருவத்தில் அறையைத் திறந்தால் யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது. மேசைக்கடியில் கேபிளை எலி கடித்திருந்தது. மாணவர் கை படாமலே இவ்வளவு சேதம்.

அதன்பின் ஒன்பதாம் வகுப்பிடம் பொறுப்பைப் பகிர்ந்தேன். இரண்டு பேருக்கு ஒரு கணினி, கணினிக்கு ஒரு நோட்டு. உட்காரும்போது இருந்த நிலை, எழும்போது உள்ள நிலை என்று இரண்டு வரி எழுத வேண்டும். இதற்குக் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதைத் தமக்கே உரியதென்று யாரும் வைத்துக்கொள்வதில்லை. விஞ்ஞானிகள் முறை வைத்து நேரம் பெற்றுப் பயன்படுத்துகிறார்கள். நம் மலையிலேயே இருப்பதால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கியது.

உடைந்தால் அபராதம் இல்லை என்றும் முதல் நாளே அறிவித்தேன். சக ஆசிரியர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் சாமை விதைத்துப் பிழைக்கும் வீட்டில் நூறு ரூபாய் கேட்டால் என்ன ஆகும்? பிள்ளை உண்மையை மறைக்கும், அல்லது பள்ளிக்கே வராது. எட்டாம் வகுப்பு வரை படிப்பைத் தடுக்கும் எந்தக் கட்டணமும் செலவும் பிள்ளைமீது விழக்கூடாது என்பது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் வேறு நியாயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பழுது பார்க்கும் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசலாம்.

மூன்றாம் வாரம் ஒரு நோட்டில் இப்படி இருந்தது: "ஹெட்போன் ஒரு பக்கம் கேட்கல. நான்தான் வயரை இழுத்தேன்." எழுதியவனை வகுப்பில் பாராட்டினேன். அதற்குப் பிறகுதான் நோட்டுகளில் உண்மை வரத் தொடங்கியது. மேகம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கும் வேலையையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். மலை இடியை அவர்களைவிட நான் அறிந்தவனா என்ன?

இணையப் பாடம் நான் திட்டமிட்டு வந்ததல்ல. பள்ளி இணைப்பு கிடைக்காத ஒரு நாளில் என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, ஒரு கணினியில் என் மின்னஞ்சல் கணக்கையும் திறந்தேன். மூடாமலே வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் ஒரு மாணவி வந்தாள்.

"சார், உங்க கணக்கு திறந்தே இருந்துச்சு. நான் எதையும் பாக்கல, மூடிட்டேன்."

என் குடும்பப் படங்கள், வங்கிக் கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. நன்றி சொன்னேன். அவள் அடுத்துக் கேட்டாள்: "எங்க அண்ணன் போனை ஊரே வாங்கிப் பாக்குது. அதுல எப்படி சார் மூடுறது?"

அடுத்த பாடவேளை முழுவதும் அந்தக் கேள்விக்கே போனது. என் தவறையே முதலில் சொன்னேன். பிறகு இரண்டு மாணவர்களை எழுப்பி, ஒருவரை வங்கி அதிகாரியாகவும் மற்றவரை வீட்டில் போன் எடுக்கும் பிள்ளையாகவும் நடிக்கச் செய்தேன். "ஓடிபி சொல்லும்மா" என்றதும் அந்தப் பிள்ளை வரிசையாகச் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. பெற்றோருக்குப் பல வீடுகளில் பிள்ளைதான் குறுஞ்செய்தி படித்துச் சொல்கிறது. ஏமாற்றுபவனின் குரல் முதலில் பிள்ளையின் காதில்தான் விழும். பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதி, நோட்டிலும் எழுத வைத்தேன். அடுத்தவர் படத்தைக் கேட்காமல் அனுப்புவதைப் பற்றியும் பேசினோம். அதற்குத் தனிப் பாடவேளையே வேண்டும்.

அடுத்த வாரம் அந்த மாணவி மறுபடி வந்தாள். "அண்ணன் போனுக்குப் புதுக் கடவுச்சொல் வச்சிட்டேன் சார். ஆனா என்ன வச்சேன்னு எனக்கே மறந்துடுச்சு."