காதுகள் சொன்ன கதை

காய்ச்சல் வந்தால் ஊரெல்லாம் சொல்லுகிறோம். கை ஒடிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறோம். மனத்தில் நோய் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். "வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாதே" என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். காற்றுக் கருப்பு என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். இப்படி மறைக்கப்படும் நோயை நாவலாக எழுதி நாடறியச் செய்தவர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார்.

அவர்தாம் 1920-இல் கும்பகோணத்தில் பிறந்த எம்.வி. வெங்கட்ராம். பதினாறு வயதிலேயே அவருடைய முதற்கதை 'மணிக்கொடி' இதழில் வெளிவந்தது. எங்களைவிட ஒரே வயதுதான் கூடுதல்! பின்னாளில் அவர் நடத்திய இதழின் பெயர் 'தேனீ'. நம் மாவட்டத்தின் பெயரைப் போல ஒலிப்பதால் அது எங்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

நடுவயதில் அவர் காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கின. அருகில் ஒருவரும் இல்லை. ஆனாலும் குரல்கள் ஏசின, மிரட்டின. இந்தத் துன்பம் பல ஆண்டுகள் நீடித்தது. அதையே அவர் 'காதுகள்' என்னும் நாவலாக்கினார். கதைத்தலைவன் மகாலிங்கம் முருக பக்தன், குடும்பஸ்தன். வறுமையும் குரல்களும் ஒருசேர வாட்ட, எது மெய், எது பொய் என்று பிரித்தறிய அவன் ஓயாது போராடுகிறான். இந்நூலுக்கு 1993-இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது.

ஒரு பெண்ணால் இப்படி எழுத முடிந்ததா என்று தோழியர் கேட்கலாம். நியூசிலாந்து நாட்டு ஜேனட் ஃபிரேம் (1924–2004) எழுதினார். மனச்சிதைவு நோய் என்று தவறாக முடிவு கட்டி, அவரைப் பல ஆண்டுகள் மனநோய் மருத்துவமனைகளில் வைத்திருந்தனர். மூளையில் அறுவை செய்யவும் ஏற்பாடாயிற்று. அவ்வேளையில் அவருடைய முதல் சிறுகதைத் தொகுதிக்குப் பரிசு கிடைத்த செய்தி வந்தது, அறுவை கைவிடப்பட்டது. எழுத்தே அவரைக் காத்தது! மருத்துவமனையில் கண்டதையும் பட்டதையும் கொண்டு 1961-இல் அவர் ஒரு நாவலை வெளியிட்டார்.

இல்லாத குரல் கேட்பது பேயின் வேலையன்று, சாபமுமன்று. அது மூளையின் செயல்பாட்டில் நேரும் மாறுதல். மருந்தாலும் மருத்துவரின் ஆலோசனையாலும் பலர் நலம் பெறுகின்றனர். மருத்துவம் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கு மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 14416 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

மருந்தும் மருத்துவரும் மட்டும் போதா; அருகிருந்து பார்ப்பவரும் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. அந்தப் பங்கு நம்முடையது. 'பைத்தியம்' என்னும் சொல்லை விளையாட்டுக்கும் சொல்லாதிருப்போம். வகுப்பில் ஒருத்தி பேச்சின்றி ஒதுங்கியிருந்தால் அருகில் சென்று அமர்வோம். அவள் வேதனையை ஆசிரியரிடமோ வீட்டிலோ சொல்லத் துணை நிற்போம். பெற்றோரே, உங்கள் மகள் "மனம் சரியில்லை" என்று சொன்னால், காய்ச்சல் என்று சொன்னதைப் போலவே காது கொடுத்துக் கேளுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி