வருமுன் காப்போம் – வாலாட்டும் நண்பர்களையும்!



நம்ம ஊர் கால்நடை மருந்தகத்தை எல்லோரும் 'மாட்டாஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறோம். பேரே அப்படி இருப்பதால் மாட்டை மட்டும்தான் அங்கே ஓட்டிப் போகணும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். அந்த மாட்டையும், அது படுத்து இரண்டு நாள் தீனி எடுக்காமல் இருந்த பிறகுதான் ஓட்டிப் போவார்கள். ஆனால் அங்கே நாய், பூனை, ஆடு, கோழி, குதிரை எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. அதைவிட முக்கியம், நல்லா ஓடியாடித் திரிகிற பிராணிக்கும் அங்கே வேலை உண்டு. அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தடுப்பூசி என்றால் என்ன என்று பார்ப்போம். அந்த ஊசிக்குள் பெரும்பாலும் இருப்பது நோய்க்கிருமியேதான்! பயப்படாதீர்கள். செத்த கிருமி, அல்லது பலம் குறைக்கப்பட்ட கிருமி. உடம்பு அதைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளும், எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளும். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால்தான் பக்கத்து வீட்டுக் கோழி செத்த அன்றைக்கு நம்ம கோழிக்கு ஊசி கேட்டு ஓடினால் பெரும்பாலும் பலன் இருப்பதில்லை. ஏற்கெனவே காய்ச்சலாய்க் கிடக்கிற பிராணிக்கு டாக்டர் தடுப்பூசி போடவும் மாட்டார். "நல்லா இருக்கும்போது எதுக்கு ஊசி?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். நல்லா இருக்கும்போதுதான் போட முடியும்.

இன்னொன்று. முகாமுக்கு வருகிறவர்கள் ஏன் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து மருந்தைக் கொண்டு வருகிறார்கள் தெரியுமா? தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே வைத்திருக்கணும். வெயிலில் வைத்துவிட்டால் மருந்து கெட்டுப்போகும். கெட்டுப்போனது பார்த்தால் தெரியாது, ஊசியும் போட்ட மாதிரிதான் இருக்கும், ஆனால் பயன் இருக்காது. அதனால் மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஐஸ் கேட்டு வாங்கி வரணும்.

இப்போது நாய்க்கு வருகிறேன். எனக்கு அதிகம் சொல்லவேண்டியது இதுதான்.

வெறிநாய்க்கடி நோய்க்கு ஆங்கிலத்தில் ரேபிஸ் என்று பெயர். நோய் வந்த நாயின் எச்சிலில் வைரஸ் இருக்கும். கடித்தால் காயம் வழியாக உள்ளே போய், நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறும். மூளைக்குப் போய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற முடியாது என்றே சொல்லலாம். உலகத்தில் மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 100க்கு 99 நாய் மூலம்தான் வருகிறது. சந்தேகமான நாயிடம் கடிபடுகிறவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 15 வயதுக்குக் கீழே என்றால் யார்? நாம்தான். இந்தச் சுவருக்கு முன்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிற நாம்தான். ஆகவே நாய்க்குப் போடுகிற ஊசி நாய்க்கு மட்டும் இல்லை.

எங்க அம்மிச்சி, "ஊசி போட்டா நாய்க்கு ரோசம் போயிரும் சாமி, திருடன் வந்தாலும் கொரைக்காது"ம்பாங்க. எங்க வீட்டு மணிக்கு மூன்று வருசமாக ஊசி போடுகிறோம். தபால்காரர் தெரு முனையில் சைக்கிளைத் திருப்பும்போதே குரைக்க ஆரம்பித்துவிடும். அம்மிச்சி அதற்கு, "அது பொறவியிலயே கோவக்கார நாயி" என்கிறார்கள். என்ன செய்ய!

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ரேபிஸ் ஊசி. அப்புறம் டாக்டர் சொல்கிற நாளில் இன்னொரு முறை. பிறகு வருசத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான். ஆனால் நம்மாட்களிடம் "உங்க நாய்க்கு ஊசி போட்டாச்சுங்களா?" என்று கேட்டால், "போட்டாச்சு" என்பார்கள். எப்போது என்றால், "அது ஆச்சு, மாரியம்மன் நோம்பிக்கு முன்னாடி" என்பார்கள். எந்த வருச நோம்பி என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் ஒரு பழைய நோட்டில் பிராணியின் பெயர், ஊசியின் பெயர், போட்ட தேதி, அடுத்த தேதி நான்கையும் எழுதி வையுங்கள். காலண்டரிலும் வட்டம் போடலாம், ஆனால் டிசம்பரில் காலண்டரைக் கிழித்துப் போட்டுவிடுவோம். நோட்டுதான் நல்லது.

என் சித்தப்பா பையன் ஐந்தாவது படிக்கிறான். அவர்கள் வீட்டுக் குட்டிக்கு இரண்டரை மாதம், ஊசி போடுகிற வயசு வரவில்லை. விளையாடும்போது அது அவன் விரலைக் கவ்விவிட்டது, லேசாக ரத்தம் வந்தது. திட்டுவார்கள் என்று இரண்டு நாள் சொல்லாமலே இருந்தான். சித்தி குளிக்க ஊற்றும்போதுதான் பார்த்தார்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். அன்றைக்கு, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு தடவை போய்க் கையில் ஊசி போட்டு வந்தான். குட்டியைக் கட்டிப் போட்டு 10 நாள் கவனித்தார்கள், அதற்கு ஒன்றும் இல்லை. இவனும் நன்றாக இருக்கிறான், நேற்றுகூட என் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினான். ஆனால் அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் நோய் உள்ள நாய், வெளியே நோய் தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸை விட ஆரம்பித்துவிடும். "நம்ம வீட்டு நாய்தானே", "குட்டிதானே" என்பதெல்லாம் கணக்கில் வராது. பூனைக்கும் ரேபிஸ் வரும்.

கடித்தாலோ, பல் பட்டுத் தோல் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவணும். 15 நிமிடம் என்பது நம் பீரியடில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவு நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. பிறகு உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் நம்ம டீச்சரிடம் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அது பழைய மருந்து. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது. இந்தியாவில் அதை 2004ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். முதன்முதலில் இந்த நோய்க்குத் தடுப்பூசி போட்டுப் பிழைத்தவனும் ஒரு பள்ளிச் சிறுவன்தான். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் ஏற்பாட்டில் ஊசி போடப்பட்டது. அதன் நினைவாகத்தான் ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம். பாஸ்டர் பெயரில் நம்ம நீலகிரி குன்னூரில் 1907 முதல் ஒரு நிறுவனம் இருக்கிறது. இந்த ஊசி மருந்துக்குப் பேர் போனது அது.

ரேபிஸ் ஊசி போட்டால் வேலை முடிந்ததா? இல்லை. குட்டி பிறக்கும்போதே தாயிடமிருந்து வயிற்றில் புழுவோடு வரும். வயிறு உப்பிய குட்டியைப் பார்த்து "கொழுகொழுன்னு இருக்குது" என்று கொஞ்சுகிறோம், பல நேரம் அது புழு. மூன்று வாரத்திலிருந்தே குடற்புழு மருந்து ஆரம்பிக்கலாம், பெரிதான பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் கேட்டுக் கொடுக்கலாம். அந்தப் புழுவின் முட்டை மண்ணில் கிடந்து நம் கை வழியாக நமக்கும் வரும். மண்ணில் விளையாடும் தம்பி தங்கைகளைக் கை கழுவச் சொல்லுங்கள். அப்புறம் பார்வோ என்று ஒரு நோய். குட்டி ரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். நம்ம ஊரில் "கண்ணு பட்டுருச்சு" என்பார்கள். இதற்கும் ஊசி உண்டு, ஆறு அல்லது எட்டு வாரத்திலேயே ஆரம்பிக்கணும்.

பூனை வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று நாம் போடுகிற பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும்.

குதிரையைப் பற்றி எழுதாமல் விட மனசில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போகாதவர்கள் நம் வகுப்பில் யார் இருக்கிறார்கள்? அங்கே கூடுகிற குதிரைச் சந்தையில் காட்டியவாரி, மார்வாரி குதிரைகளை வாய் பிளந்து பார்ப்போம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு தாத்தா குதிரை வைத்திருக்கிறார். அவரிடம், "ஏனுங்க தாத்தா, குதிரைக்கும் ஊசி போடுவீங்களா?" என்று கேட்டேன். "போடாம? ஒரு ஆணி ஏறுனாப் போதும் கண்ணு, தாடை கட்டி, கட்டையாட்ட வெறச்சு நின்னுக்கும்" என்றார்.

அவர் சொன்னது ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். அந்தக் கிருமி மண்ணிலும் லத்தியிலும் இருக்கும். வீட்டுப் பிராணிகளிலேயே அதற்குச் சீக்கிரம் மாட்டிக்கொள்வது குதிரைதான். முதலில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருசம் ஒன்று. நமக்கு 10 வயதில் போட்டார்களே, அது இதே நோய்க்கும் சேர்த்துத்தான். தாத்தா ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, திரும்ப அடிக்கச் சொல்கிறார். குளம்பு நம் நகம் மாதிரி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளருமாம். தினமும் சாயங்காலம் குளம்புக்கு அடியில் மாட்டிய கல்லைக் குத்தி எடுப்பார். பல்லும் அப்படித்தான். வருசத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் தேய்ந்து ஒரு பக்கம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். தீனியை மென்று துப்பினால் பல்லைப் பார்க்கணும் என்று அர்த்தம், டாக்டர் அரத்தால் தேய்த்துவிடுவார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலி வந்தால் அதற்கு உயிர்போகும் கஷ்டம். தீனியைத் திடீரென்று மாற்றாமல் இருப்பதும், தண்ணீர் தாராளமாய் வைப்பதும் அதற்கு மருந்து மாதிரி. எல்லா நோய்க்கும் ஊசி இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். கிளாண்டர்ஸ் என்று குதிரைக்கு வருகிற, மனிதருக்கும் தொற்றுகிற நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. ரத்தப் பரிசோதனை மட்டும்தான்.

(இடையில் ஒரு செய்தி: பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் போடுகிற விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்துதான் தயாராகிறது. அதற்கான விஷத்தைப் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருபவர்கள் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். நமக்கு மருந்து தருகிற பிராணி குதிரை!)

ஆடு, கோழி பற்றி ரொம்ப எழுதவில்லை, இடமில்லை. வெள்ளைக்கழிச்சலுக்குக் கோழிக்கும், ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஆட்டுக்கும் ஊசி உண்டு, முகாம் நாளில் கூடையோடு பிடித்துப் போனால் போதும். மாட்டுக்கு வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது, ஊரே தொழுவம் காலியாகும். தடுப்பூசியாலேயே அதை உலகத்தை விட்டு ஒழித்து 2011இல் அறிவித்தார்கள். எங்க அம்மிச்சியும் இதைக் கேட்டதும், "அட, அந்த வெக்கை இப்ப இல்லவே இல்லையா?" என்று ஆச்சரியப்பட்டார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு ஊரில் 100க்கு 70 நாய்க்கு ஊசி போட்டிருந்தால் ரேபிஸ் அந்த ஊரில் பரவ முடியாது என்கிறார்கள். எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். மொத்தம் 11 நாய். 8 வீட்டு நாய், 3 யாருக்கும் சொந்தமில்லாதவை. இந்த வருசம் ஊசி போட்டவை 4. 11இல் 70 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 8. இன்னும் 4 வேண்டும். இரண்டு வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டில் "பாக்கலாம்" என்றார்கள். பாக்கலாம் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். தெருநாயைப் பிடிக்க நாம் யாரும் போகக் கூடாது, அது மருந்தகத்து ஆட்களும் ஊராட்சியும் செய்ய வேண்டிய வேலை. தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டால் ஊராட்சித் தலைவருக்கு நம் பள்ளி சார்பில் ஒரு கடிதம் எழுதலாம் என்று வகுப்பாசிரியை சொல்லியிருக்கிறார்கள்.

கடிதத்தில் எண்ணிக்கை வேண்டும். கீழே தனித் தாள் ஒட்டி, நூலில் பென்சில் கட்டியிருக்கிறேன். உங்கள் தெருப் பெயர், மொத்த நாய், ஊசி போட்டது, போடாதது எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம், கேட்டு வந்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை தாளைக் கழற்றிவிடுவேன். பென்சிலை யாரும் எடுத்துப் போகாதீங்க, அது என் தங்கச்சியுடையது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி