மிதிபட்ட கோதுமை

துன்பத்தில் இருப்பவரிடம் 'நம்பிக்கையை இழக்காதே' என்று சொல்வது எளிது. ஆனால் வீடு எரிந்து, தந்தை மாண்டு, ஊர் முழுவதும் சாம்பலான பின்னர், அந்தச் சாம்பலின் நடுவே நிற்கும் ஒரு குழந்தையிடம் அதைச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அவ்வாறு சொன்னால் அது ஆறுதலா, அல்லது பொய்யா? நம்பிக்கை என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன என்று தெளிவு பெறாமல் இவ்வினாவுக்கு விடை காண இயலாது.

இந்த வினாவைத் தயக்கமின்றி எதிர்கொள்ளும் படைப்பு ஒன்று ஜப்பானில் தோன்றியது. 1983-ஆம் ஆண்டு மோரி மஸாகியின் இயக்கத்தில் வெளிவந்த அந்த அனிமேஷன் திரைப்படத்தின் பெயர் 'ஹதாஷி நோ கென்'. 'வெறுங்கால் கென்' என்பது அதன் பொருள். உலகம் அழிந்த பிறகு எஞ்சியிருப்போரைப் பற்றிய கற்பனைக் கதைகள் பல உண்டு. இத்திரைப்படம் காட்டும் அழிவோ கற்பனையன்று. 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரில் நிகழ்ந்த அழிவு.

சுவரின் மறைவில் தப்பிய சிறுவன்

திரைப்படத்துக்கு மூலமான சித்திரக்கதையை எழுதி வரைந்தவர் கெய்ஜி நகஸாவா. 1939-இல் ஹிரோஷிமாவில் பிறந்த அவருக்கு அணுகுண்டு விழுந்தபோது வயது ஆறு. பள்ளியின் வாயிலருகே நின்றிருந்த அவரைக் கான்கிரீட் சுவர் ஒன்று வெப்பக் கதிர்களிலிருந்து மறைத்தது. வீட்டில் இருந்த தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிபாடுகளில் சிக்கி மாண்டனர். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த தாய் அன்றே ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். அக்குழந்தையும் சில மாதங்களே உயிர் வாழ்ந்தது.

நகரின் மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்த அந்த ஒரு குண்டினால் 1945-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அந்த எண்ணிக்கையைத் திரைப்படம் வாதமாக முன்வைக்கவில்லை. ஒரு சிறுவனின் கண்களால் ஒரு குடும்பத்தை மட்டுமே அது பார்க்கிறது. அதனால்தான் அந்த எண்ணிக்கையின் கனம் பார்ப்பவரின் நெஞ்சில் இறங்குகிறது.

கதை

போரின் இறுதிக் காலம். எங்கும் உணவுப் பஞ்சம். கென்னும் அவனது தம்பி ஷின்ஜியும் ஒரு கிழங்கிற்காகச் சண்டையிடுகிறார்கள். ஆனால் கர்ப்பிணியான தாய் உணவின்றி மெலிவதைக் கண்டதும், அதே சிறுவர்கள் அவளுக்காக ஒரு பெரியவரின் குளத்தில் மீன் திருடத் துணிகிறார்கள். பிடிபட்டபோது காரணத்தைச் சொல்கிறார்கள். உள்ளம் இளகிய அப்பெரியவர் மீனை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறார்.

தந்தை தைகிச்சி கோதுமை பயிரிடுபவர், போரை வெறுப்பவர். மிதிபட்ட பின்னும் நிமிர்ந்து வளரும் கோதுமையைப் போல வாழவேண்டும் என்று அவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். அந்தப் போதனையை அவர்கள் அப்போது விளையாட்டாகவே கேட்டுக்கொள்கிறார்கள்.

பின்னர் அந்தக் காலை வருகிறது. இடிந்த வீட்டின் உத்தரங்களுக்கு அடியில் தந்தையும் அக்காள் எய்கோவும் தம்பி ஷின்ஜியும் சிக்கிக்கொள்கிறார்கள். கென் தன் சிறு கைகளால் உத்தரத்தை அசைக்க முயல்கிறான், முடியவில்லை. தீ நெருங்குகிறது. தாயையும் பிறக்கவிருக்கும் குழந்தையையும் காப்பாற்றும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்து, அங்கிருந்து போய்விடும்படி தந்தை கட்டளையிடுகிறார். உயிரோடு எரிபவர்களைப் பின்னே விட்டு அவன் தாயை இழுத்துக்கொண்டு நடக்கிறான். அன்றே அவன் தங்கை டோமோகோ பிறக்கிறாள்.

முதல் பாடம்: கண்ணை மூடாத நம்பிக்கை

துயரைப் பார்க்க மறுப்பதே நம்பிக்கை என்று பலர் எண்ணுகின்றனர். குழந்தைகளிடம் பேசும்போது இந்த எண்ணம் இன்னும் வலுக்கிறது. 'ஒன்றும் ஆகாது', 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லி அவர்களை வேறுபக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

கென்னுக்கு அந்த வசதி கிட்டவில்லை. அவன் எல்லாவற்றையும் பார்க்கிறான். அவனுடைய தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. தானும் இறந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறான். எரிந்த வீட்டின் மண்ணைத் தோண்டித் தந்தையின், அக்காளின், தம்பியின் எலும்புகளைத் தாயோடு சேர்ந்து எடுக்கிறான். அந்த எலும்புகளைக் கையில் ஏந்திய பிறகும் அவனிடம் எஞ்சியிருப்பது எதுவோ, அதையே நம்பிக்கை என்று அழைக்கத் தகும். உண்மையைக் கண்டதும் உடைந்துபோகும் ஒன்று நம்பிக்கையாக இருக்க முடியாது, அது மயக்கமே.

இரண்டாம் பாடம்: கைகளில் குடியிருக்கும் நம்பிக்கை

தாய்க்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை பசியால் அழுகிறது. 'எதிர்காலம் நன்றாக இருக்குமா?' என்று கென் அப்போது ஆராய்வதில்லை. இன்றைக்குப் பால் வேண்டும், எங்கே கிடைக்கும்? அவன் தேடிப் புறப்படுகிறான்.

நம்பிக்கையைப் பெரியவர்கள் பெரும்பாலும் ஒரு கருத்தாக வைத்திருக்கிறார்கள். கருத்தாக இருப்பதால் அதற்கு ஆதரவும் எதிர்ப்புமாக மனம் ஓயாமல் வாதாடுகிறது. கென்னிடம் அது ஒரு வேலையாக இருக்கிறது. வேலைக்கு வாதம் தேவையில்லை. அடுத்த அடி எது என்று தெரிந்தால் போதும். அதனால்தான் அழுதுகொண்டே இருப்பவனாலும் அதைச் செய்ய முடிகிறது. அழுகையும் நம்பிக்கையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மூன்றாம் பாடம்: பகிர்ந்தால் பெருகுவது

ஒருநாள் அவர்களுடைய அரிசியைத் திருட ஒரு சிறுவன் வருகிறான். ரியூட்டா என்ற அந்த அநாதை, இறந்துபோன ஷின்ஜியின் சாயலில் இருக்கிறான். மூன்று வயிறுகளுக்கே உணவில்லாத குடிசையில் நான்காவதாக அவனுக்கும் இடம் கிடைக்கிறது. கணக்குப் பார்த்தால் இது அறிவீனம். ஆயினும் அன்றுமுதல் அந்தக் குடிசையில் மீண்டும் சிரிப்பொலி கேட்கிறது.

பின்னர், பாலுக்குப் பணம் தேடும் கென்னுக்கும் ரியூட்டாவுக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. உடலெங்கும் தீக்காயமடைந்த ஸெய்ஜி என்ற ஓவியரைப் பராமரிக்கவேண்டும். அவருடைய புண்களில் புழுக்கள் நெளிகின்றன. சொந்தக் குடும்பத்தாரே நெருங்க அஞ்சி அவரைத் தனி அறையில் விட்டிருக்கிறார்கள். கசப்பால் நிறைந்த அவர் சிறுவர்களையும் ஏசுகிறார். அவர்கள் சினக்கிறார்கள், ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை. புண்ணைத் துடைக்கிறார்கள். நாளடைவில் அவர் கண்ணீர் விடுகிறார். வாழும் விருப்பம் அவரிடம் மெல்லத் திரும்புகிறது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்தச் சிறுவர்கள் கருணையால் தூண்டப்பட்டுச் சென்றவர்கள் அல்லர், கூலிக்காகச் சென்றவர்கள். ஒரு மனிதரின் புண்ணைத் தொட்ட பிறகே கருணை பிறந்தது. தூய எண்ணம் உண்டாகும்வரை தொண்டைத் தள்ளிப்போடுபவர்கள் இக்காட்சியை நினைவில் கொள்வது நல்லது.

நான்காம் பாடம்: பால் வந்தது, குழந்தை இல்லை

உழைத்துப் பெற்ற பணத்தில் பால் வாங்கிக்கொண்டு சிறுவர்கள் வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். அதற்குள் டோமோகோ இறந்துவிட்டாள்.

வேறொரு கதையாசிரியராக இருந்தால் அந்தக் குழந்தையைப் பிழைக்கவைத்திருப்பார். தன் தங்கையை இழந்த நகஸாவா அவ்வாறு செய்யவில்லை. இந்த இடத்தில்தான் எதிர்பார்ப்பும் நம்பிக்கையும் பிரிகின்றன. எதிர்பார்ப்பு ஒரு குறிப்பிட்ட பலனைப் பற்றிக்கொண்டிருக்கிறது. பலன் கைநழுவும்போது அதுவும் முடிந்துவிடுகிறது. கென்னின் எதிர்பார்ப்பு அன்று அடியோடு முறிந்தது. ஆனால் பாலைத் தேடி அலைந்த நாட்களில் அவன் எத்தகைய மனிதனாக ஆனானோ, அந்த மனிதன் முறியவில்லை. ரியூட்டா அருகில் இருக்கிறான், தாய் இருக்கிறாள். செய்யவேண்டியவை இன்னும் இருக்கின்றன.

வேர் எங்கிருந்து வந்தது?

இறுதியில் சாம்பல் மண்ணில் கோதுமை முளைத்திருப்பதைச் சிறுவர்கள் காண்கிறார்கள். தந்தையின் சொல் கென்னின் நினைவுக்கு வருகிறது. உதிர்ந்த தலையிலும் முடி அரும்பத் தொடங்கியிருக்கிறது. ஆற்றில் ஒளிவிளக்கு ஏற்றிய சிறு படகை, இறந்தவர்களுக்காக அவர்கள் மிதக்கவிடுவதோடு படம் முடிகிறது.

கோதுமையைப் பற்றிய அந்த உவமை வெறும் அலங்காரமன்று. ஜப்பானிய உழவர்கள் குளிர்காலத்தில் கோதுமை, வாற்கோதுமை நாற்றுகளைக் காலால் மிதிப்பது பழைய வழக்கம். உறைபனியால் மண் பொங்கி மேலெழும்போது இளம் வேர்கள் மண்ணைவிட்டுக் கிளம்பிவிடும். மிதித்தால் மண் மீண்டும் வேரோடு இறுகும். பயிர் அவசரப்பட்டு உயராமல் வேரூன்றித் தூர் கட்டும்.

இதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 'துன்பம் மனிதனை வலிமையாக்கும். ஆகவே துன்பம் நல்லது' என்று சிலர் கூறுவார்கள். உழவன் பயிர் வளரவேண்டும் என்பதற்காக அளவறிந்து மிதிக்கிறான். குண்டை வீசியவர்களுக்கு ஹிரோஷிமாவின் குழந்தைகள் வளரவேண்டும் என்ற நோக்கம் இருக்கவில்லை. அந்த மிதியில் பல்லாயிரம் குழந்தைகள் எழவே இல்லை. ஷின்ஜி எழவில்லை, டோமோகோ எழவில்லை. அழிவுக்கு நன்றி சொல்வது இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி.

அவ்வாறாயின் கென்னை எழவைத்தது எது? அழிவுக்கு முன்பே அவனுக்குள் ஊன்றப்பட்டிருந்த வேர். தந்தையின் சொல், தாயின் அன்பு, மீனைக் கொடுத்தனுப்பிய பெரியவரின் இரக்கம் ஆகியவை நல்ல நாட்களிலேயே மண்ணுக்குள் சென்றுவிட்டன. 'கென்' என்ற பெயருக்கே மூலம், ஆதாரம் என்று பொருள் உண்டு. அந்தக் கருத்தோடுதான் நகஸாவா அப்பெயரைத் தேர்ந்தார்.

குழந்தைகளின் நம்பிக்கை தானாக ஊறும் அற்புதம் என்று வியந்து நிற்பது பெரியவர்களுக்கு வசதியானது. பொறுப்பு நீங்கிவிடுகிறது அல்லவா? இத்திரைப்படம் அந்த வசதியைத் தருவதில்லை. குழந்தை எழுவதற்கான வலிமையை முன்கூட்டியே விதைக்கவேண்டியது பெரியவர்களின் கடமை. அதைவிட முதன்மையான கடமை, குழந்தைகளை மிதிக்கும் உலகை உண்டாக்காமல் இருப்பது.

காலம் கடந்த முளை

படைப்பாளியின் வாழ்வும் இதற்குச் சான்று. ஹிரோஷிமாவில் 75 ஆண்டுகளுக்குப் புல்பூண்டும் முளைக்காது என்ற பேச்சு அன்று பரவியிருந்தது. ஆனால் கருகிய மரங்கள் பல துளிர்த்தன. நூற்றுக்கும் மேற்பட்டவை பிற்காலத்தில் அடையாளம் காணப்பட்டுப் பாதுகாக்கப்பட்டன. நகஸாவாவின் உள்ளத்திலோ முளை வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தோக்கியோவில் சித்திரக்கதை வரைந்துகொண்டிருந்த அவர், அணுகுண்டைப் பற்றி நினைப்பதையே தவிர்த்துவந்தார். 1966-இல் தாய் இறந்தார். தகனத்துக்குப் பிறகு பார்த்தபோது எலும்புகள்கூட எஞ்சவில்லை. வெறும் சாம்பலே இருந்தது. கதிர்வீச்சு தாயின் எலும்பையும் பறித்துவிட்டது என்று அவர் கொதித்தார். அந்தச் சினத்திலிருந்து அணுகுண்டைப் பற்றிய கதைகள் பிறந்தன. 1973-இல் கென்னின் கதை ஒரு சிறுவர் வார இதழில் தொடங்கியது. சினத்தில் தொடங்கியவர் பழிவாங்கலை வரையவில்லை; முளைக்கும் கோதுமையை வரைந்தார். 2012-இல் அவர் மறைந்தார்.

திரைப்படத்தில் குண்டு வெடிக்கும் காட்சிகள் மிகக் கொடியவை. சிறு குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல. பெற்றோரும் ஆசிரியர்களும் முதலில் தாம் பார்த்து, வளர்ந்த பிள்ளைகளுடன் அமர்ந்து, பிறகு பேசுவதே முறை.

சிந்தனைக்கு

1. எதிர்பார்த்த பலன் கிட்டாதபோது எஞ்சி நிற்பது எது? அதை வளர்க்க இன்று செய்யக்கூடியது என்ன?

2. துன்பத்தில் இருக்கும் குழந்தையிடம் பொய் சொல்லாமல் ஆறுதல் தருவது எவ்வாறு?

3. தைகிச்சி தம் பிள்ளைகளுக்கு ஒரு கோதுமைப் பயிரைக் காட்டினார். வீட்டிலுள்ள பிள்ளைகளின் உள்ளத்தில் இன்று, அமைதியான இந்த நாளில், ஊன்றப்படுவது எது?