எட்டயபுரத்தில் இரு வழி

ஒரு மரபிற் பயின்ற இசைவல்லார் பிறிதொரு மரபினர் பாட்டிற்குப் பணிபுரியுங்கால், எதனை விடுவது எதனைக் காப்பது என்னும் வினா எழும். 1966-இல் பீட்டில்ஸ் என்னும் ஆங்கில ராக் குழுவினர் வெளியிட்ட 'எலினார் ரிக்பி'க்குச் செவ்வியல் இசை பயின்ற ஜார்ஜ் மார்ட்டின் எட்டு நரம்புக் கருவிகளுக்குரிய பகுதிகளை அமைத்துத் தந்தார். அதனைப் பெரும் புதுமை என்பாருளர். கரிசற் சீமையார் அங்ஙனம் வியத்தல் வேண்டா. இதனோடு ஒத்த முயற்சி செய்த உடன்பிறந்தார் இருவர், கோவிற்பட்டிக்குக் கிழக்கேயுள்ள எட்டயபுரத்தில் வந்து தங்கினர்.

முத்துசாமி தீட்சிதரும் தம்பியார் பாலுசாமி தீட்சிதரும் இளமையிற் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தனர். அங்கு அவர்களை ஆதரித்த முதலியார், கோட்டையிற் கும்பினியாரின் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பினை நல்கினார். எம்மூராகிய கயத்தாற்றில் 1799-இற் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியாரே அவர். ஆயினும் அப்பழி மெட்டினைச் சாராது என்பதே எம் கருத்து.

முத்துசாமியார் அம்மெட்டுகளுக்கு வடமொழியிற் சாகித்தியம் இயற்றினார்; அவை நோட்டு ஸ்வரங்கள் எனப்படும். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டு, 'சந்ததம் பாஹிமாம்' எனத் தேவி துதியாயிற்று. சங்கராபரணச் சுரங்களில் நேரே நடக்கும் அப்பாடல்களிற் கமகம் இல்லை. கமகம் நிறைந்த கீர்த்தனைகளைச் செய்தவர் ஈண்டு அதனை முற்றும் அடக்கிக்கொண்டார். அவ்வடக்கமே அவர் புலமைக்குப் பெருஞ்சான்று என்போம்.

தம்பியார் வேறு வழி சென்றார். ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அக்கருவியை நம் சங்கீதத்திற்கு ஆக்கினார். மேனாட்டார் அதனைத் தோளில் ஏந்துவர். நம்மவர் தரையிலமர்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப எனச் சேர்த்து வாசிப்பர். பிடித்துத் தாங்கும் வேலை நீங்கவே, இடக்கை தந்திமேல் தடையின்றி வழுக்கியோடும், கமகம் பேசும். பாலுசாமியார் எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக விளங்கினார். தமையனாரும் 1835-இல் அவ்வூரிலேயே மறைந்தார்.

கிறிஸ்தவராகிய சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை 1893-இல் ஐரோப்பிய இசைக்குறியில் அச்சிட்டார். சுரம் அதில் அடங்கும். அசைவு எளிதில் அடங்காது. அவர் தூண்டுதலாற் சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்தில் அச்சாயிற்று. அதிற் கமகங்களுக்குத் தனிக்குறிகள் உள.

இது நம் ஆலயங்களுக்கும் உரிய செய்தி. பாமாலைப் பாட்டிற்குக் கீபோர்டு நன்கு பொருந்தும். வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையையும் அதன் கட்டைகளிலேயே அழுத்தி வாசிக்க, ராகம் எலும்புக்கூடாகிறது. பாடகர் குழுவை நடத்தும் நண்பர்கள், கீர்த்தனை பாடும் நாளிலேனும் கீபோர்டை மூடிவிட்டு ஒரு வயலினை வைத்துப் பார்ப்பாராக.