பழைய ஆல்பங்கள் எங்கே?

கேள்வி: கூகுள் போட்டோஸ் படங்களை வேறு சேவைக்கு மாற்றித்தரும் செயலி ஒன்று பல வருடங்கள் நன்றாக ஓடியது. இப்போது பழைய ஆல்பங்களையே காட்டுவதில்லையே, ஏன்?

பதில்: கூகுள் தன் விதியை மாற்றியதே காரணமாக இருக்கும். 2025 மார்ச் 31 முதல் வெளியார் செயலிகள், தாங்கள் ஏற்றிய படங்களை மட்டுமே நேரடியாகப் படிக்க முடியும். மற்றவற்றைப் பயனரே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கேற்பத் திருத்தப்படாத மென்பொருள் அன்றோடு முடங்கியது.

இத்தகைய மென்பொருளின் பெரிய தலைவலி இதுதான். எழுதி முடித்தாலும் வேலை தீராது. ஆல்பம், தலைப்பு, தேதி என எல்லாவற்றையும் ஒவ்வொரு சேவையும் தன் பாணியில் வைத்திருக்கிறது. பத்து சேவைகளை ஒன்றோடொன்று நேரடியாக இணைத்தால் 90 வழிகள் தேவை. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், ட்விட்டர் சேர்ந்து 2018-ல் அறிவித்த ‘டேட்டா டிரான்ஸ்ஃபர் புராஜெக்ட்’ இந்தச் சுமையை அழகாகக் குறைத்தது: நடுவில் ஒரு பொது வடிவம், ஒவ்வொரு சேவையும் அதற்கு மட்டும் நிரல் எழுதினால் போதும். ஃபேஸ்புக்கிலிருந்து கூகுளுக்குப் படம் அனுப்பும் வசதி 2019 டிசம்பரில் முதலில் அயர்லாந்தில் வந்தது. 2024-ல் கூகுளிலிருந்து ஐகிளவுடுக்கும் நேர்வழி திறந்தது.

நேர்வழி இல்லாத சேவை என்றால் கூகுள் டேக்அவுட்டில் படங்களை இறக்கிக்கொள்ளலாம். கூடவே வரும் ஜேசன் கோப்புகளை மட்டும் அழித்துவிடக் கூடாது. கூகுள் போட்டோஸில் எழுதிய குறிப்புகள் அவற்றில்தான் இருக்கும்.