தம்பி மூக்கில் ஒரு பரிசோதனை

பிளஸ் டூ உயிரியல் படிக்கிற அண்ணன், அக்காக்களுக்கு கிரிஃபித் பரிசோதனை தெரிந்திருக்கும். 1928-இல் லண்டனில் நடந்தது. கொடிய கிருமியைச் சூடாக்கிக் கொன்று, அதைச் சாதுவான உயிருள்ள கிருமியோடு கலந்து சுண்டெலிக்கு ஊசி போட்டார். எலி செத்துப்போச்சு! செத்த கிருமியின் குணத்தை உயிருள்ளது வாங்கிக்கொண்டது. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

ஆனா அந்தக் கிருமி யாரு தெரியுமா? நிமோகாக்கஸ். நம்ம தம்பி, தங்கச்சி மூக்கின் உள்பக்கத்தில் சும்மா குடியிருக்கும். நெஞ்சுக்குள் இறங்கினால்தான் நிமோனியா. மூளை உறைக்குப் போனால் மூளைக்காய்ச்சல்.

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனாலும் ஏலத்தோட்டத்து ஜீப்புக்கு நேரமாச்சுன்னு, "பிள்ளைக்குச் சளி, நல்ல மாத்திரையா குடுங்க" என்று மெடிக்கலில் வாங்குகிறவர்கள் உண்டு. அந்த மாத்திரை மூக்கில் சும்மா இருந்த கிருமிகளைக் கொல்லும். மருந்துக்குச் சாகாத ஒன்றிரண்டு மட்டும் தப்பி, காலியான இடத்தில் பெருகும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா ஏலச்செடிப் பூச்சி சாகாமல் போகுமே, அதே கதைதான். இதில் கிரிஃபித் வேலை வேற நடக்கும்: செத்த கிருமியின் டி.என்.ஏ.வை எடுத்துக்கொண்டு அடுத்த கிருமியும் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும்.

"உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்கிறோம். பழகியது உடம்பு இல்லை, கிருமி. அதனால்தான் மாத்திரையே சாப்பிடாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஒரு தும்மலில் அது போய்ச் சேருகிறது.

வேலூர் சி.எம்.சி. உட்பட 6 ஆஸ்பத்திரிகள் 1993 முதல் 1997 வரை நோயாளிகளிடம் எடுத்த நிமோகாக்கஸில் பாதிக்கு மேல் கோட்ரைமாக்சசோலுக்கு அடங்கவில்லை. பென்சிலினுக்கு அப்போது அநேகமாக எல்லாமே அடங்கின. ஒரு காலத்தில் குழந்தைகளின் நிமோனியாவுக்கு முதலில் கொடுத்தது கோட்ரைமாக்சசோலைத்தான். இப்போது அந்த இடத்தில் அமாக்சிசிலின். அதுவும் கைவிட்டால் ஊசிதான், பெரியாஸ்பத்திரிதான்.

அதுக்காக நிமோனியாவுக்கும் மருந்து வேண்டாம்னு அர்த்தமில்லை. குழந்தை தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்க. 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50, 1 முதல் 5 வயதுக்குள் 40, இதைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே டாக்டர்கிட்ட போகணும். டாக்டர் எழுதும் மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுக்கணும்.

நிமோகாக்கஸ் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 முதல் இலவசம்: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், 9-ஆம் மாதம். வீட்டுப் பாப்பாவின் தடுப்பூசி அட்டையில் மூன்றும் இருக்கான்னு இன்னைக்குச் சாயங்காலமே பாருங்க.