வலிப்பு நின்றுவிட்டது, பைக் ஓட்டலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 34. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. மாத்திரை சாப்பிடுவதால் 14 மாதமாக வலிப்பு வரவில்லை. ‘பைக்கிலேயே வேலைக்குப் போகிறேன்’ என்கிறார். விடலாமா?
– வாசகி, ஆவடி

பதில்: விடாதீர்கள், அம்மா. லைசென்ஸுக்குத் தரும் படிவம் 1-இல், வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்டிருப்பார்கள். ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அவர் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டாம்.

பிரிட்டனில் பொதுவாக ஓராண்டு வலிப்பு வராமல் இருந்தால் கார், பைக் ஓட்டலாம். லாரி, பஸ்ஸுக்குப் பத்தாண்டு, அதுவும் மாத்திரை இல்லாமல். நம் சட்டத்தில் அப்படியொரு கெடுவே இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, வலிப்பு அடங்கியவரையும் ஒரேயடியாகத் தள்ளிவைப்பது நியாயம் இல்லை. இது மாற வேண்டும். மாறும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

கீழே விழுந்து கைகால் இழுத்தால்தான் வலிப்பு என்பதில்லை. பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நின்று, வெறித்துப் பார்த்து, வாயை மெல்லுவார். அது ஐந்து விநாடி நீடித்தாலே போதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் பைக் 55 மீட்டர் ஓடிவிடும். கன்டெய்னர் லாரிகள் உரசிப்போகும் சி.டி.எச். ரோட்டில் அது என்ன ஆகும்?

ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் பட்டரவாக்கம்; எஸ்டேட் பக்கம்தான். பைக்கைவிட எனக்குக் கவலை அந்த லேத். சுழலும் மெஷினில் அவர் நிற்பது டாக்டருக்குத் தெரியுமா? நைட் ஷிஃப்டில் தூக்கம் கெட்டாலும் வலிப்பு திரும்பலாம். அடுத்த முறை நீங்களும் கூடப் போய் இரண்டையும் சொல்லுங்கள்.